ஸ்ட்ராபெரி காய்க்கவில்லையா? மருந்துக்கு முன் அடிக்கணக்கைப் பாருங்கள்

கோத்தகிரிப் பக்கம், ஆறாயிரம் அடிக்குச் சற்றுக் கீழே, அரை ஏக்கரில் ஸ்ட்ராபெரி வைத்திருக்கிறேன். பதினோரு வருடமாகிறது. சீசன் தொடங்கினால் கைபேசிக்குத் தினமும் யாராவது இலைப் படமோ பூப் படமோ அனுப்பி, "என்ன மருந்து அடிக்கலாம்?" என்று கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "உங்கள் தோட்டம் எத்தனை அடியில் இருக்கிறது?"

ஒரு வருடம் ஒரே நர்சரியிலிருந்து ஒரே நாளில் வந்த சேண்ட்லர் ரக நாற்றை மூன்று பேர் பிரித்துக்கொண்டோம். ஒருவருக்கு உதகைக்கு மேலே தோட்டம். இன்னொருவருக்குக் கூடலூரில், சுமார் 3,500 அடி. மூன்று பேரும் போட்டது ஒரே உரம். டிசம்பரில் மேலே இருந்தவருக்குப் பூவெல்லாம் கருகியது. கூடலூர்க்காரருக்கு மார்ச் பிறந்ததும் பழம் நின்று, கயிறு போல ஓடுகொடி ஓடத் தொடங்கியது. எனக்கு மே வரை பழம் கிடைத்தது. அதற்குப் பிறகு, செடிக்கு என்ன நோய் என்று கேட்பதற்கு முன் இடத்தைக் கேட்பது வழக்கமாகிவிட்டது.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்கி, பணம் போகிற காரணத்தில் முடித்திருக்கிறேன். வரிசையை மாற்றாமல் பாருங்கள்.

## எதைத் தொடுவதற்கும் முன் மூன்று அளவு

உயரம். கைபேசியில் உள்ள உயரம் காட்டும் செயலி போதும். ஐம்பது, நூறு அடி முன்பின் காட்டினாலும் பரவாயில்லை. ஆயிரம் அடி ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 2 டிகிரி குறையும் என்பதை மனதில் வையுங்கள். கூடலூருக்கும் உதகைக்கும் நடுவே கிட்டத்தட்ட 4,000 அடி வித்தியாசம். அதாவது 7, 8 டிகிரி. ஸ்ட்ராபெரிக்கு அது வேறு ஒரு பருவம்.

இரவின் மிகக் குறைந்த வெப்பம். குறைந்தபட்ச, அதிகபட்ச வெப்பத்தைப் பதிவு செய்து வைக்கும் வெப்பமானி ஒன்று வாங்குங்கள். வீட்டுச் சுவரில் மாட்டாதீர்கள். பாத்தியில், செடி உயரத்தில், ஒரு குச்சியில் கட்டுங்கள். சுவரில் 4 டிகிரி காட்டும் இரவில் பாத்தியில் பூஜ்யம் இருக்கும். இரண்டையும் ஒரே இரவில் வைத்துப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

மண்ணின் கார அமில நிலை (pH). ஸ்ட்ராபெரிக்கு 5.5 முதல் 6.5 வரை நல்லது. நீலகிரியின் மேல்மட்ட மண் பெரும்பாலும் அதைவிடப் புளித்த, அதாவது அமிலம் கூடிய மண். வருடம் ஒருமுறை மண் பரிசோதனை செய்துவிடுங்கள்.

ஒரே உயரமாக இருந்தாலும் மலையின் எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை கொட்டும். கோத்தகிரிக்கு அக்டோபர் தொடங்கித்தான் பெருமழை. அதனால் அடுத்தவர் நடவு தேதியைப் பார்த்து நீங்கள் நடாதீர்கள்.

## அறிகுறி 1: செடி தளதளவென்று இருக்கிறது, பூவே இல்லை

அதிகம் கேட்கப்படுவது இதுதான். ஏற்காடு, கூடலூர், கொடைக்கானலின் கீழ்மலை என நடுத்தர உயரங்களிலிருந்து இந்தக் கேள்வி வராத வருடமே இல்லை.

முதலில் உரத்தை நிறுத்துங்கள். யூரியா, ஈரமான கோழி எரு, அளவில்லாத கடலைப் புண்ணாக்கு இவற்றில் எது போட்டிருந்தாலும் இலைதான் வரும். மூன்று வாரம் எதுவும் போடாமல் விட்டுப் பாருங்கள். நடுக்குருத்தில் மொட்டு தெரிந்தால் கோளாறு முடிந்தது.

ஓடுகொடியை வெட்டினீர்களா? செடியிலிருந்து கயிறு போல ஓடும் கொடியில் நாற்று கிடைக்கும் என்று ஆசைப்பட்டு விட்டுவிடுகிறோம். தாய்ச்செடியின் சத்து அதில் போய்விடும். பழம் வேண்டும் என்றால் வாரம் ஒருமுறை கத்தரித்துவிடுங்கள். நாற்று வேண்டும் என்றால் அதற்கென்று பத்துச் செடியைத் தனியாக ஒதுக்குங்கள்.

நிழல். தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் சில்வர் ஓக் வரிசைக்குக் கீழே பாத்தி போட்டிருந்தால், காலை ஒன்பது மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் போய் நின்று பாருங்கள். நேரடி வெயில் ஆறு மணி நேரமாவது வேண்டும்.

இந்த மூன்றும் இல்லை என்றால் உயரம்தான். சேண்ட்லர், கமரோசா, ஸ்வீட் சார்லி, வின்டர் டான் போன்ற ரகங்கள் எல்லாம் பகல் சுருங்கும்போதோ குளிர் வந்தாலோ பூப்பவை. வடதேசங்களில் பகல் நீண்டுகொண்டே போவதால் பூ நிற்கும். நம் ஊரில் ஜூன் மாதத்துப் பகலே பன்னிரண்டே முக்கால் மணி நேரத்தை ஒட்டித்தான் இருக்கிறது. அதனால் இங்கே பூவை நிறுத்துவது பகலின் நீளம் அல்ல, வெப்பம். வெப்பத்தைத் தீர்மானிப்பது உயரம்.

பாத்தி வெப்பமானியை இரண்டு வாரம் தொடர்ந்து குறித்து வாருங்கள்.

- இரவு 15 டிகிரிக்குக் கீழே இறங்குகிறது, பகல் 25ஐ ஒட்டி இருக்கிறது: இடம் சரி. காத்திருங்கள், பூ வரும்.
- இரவு 15க்கும் 20க்கும் நடுவில்: குளிர்காலத்தில் மட்டும் காய்க்கும். மழை குறைந்ததும் அக்டோபரில் நட்டு, மார்ச்சுக்குள் பழத்தை எடுத்துவிடுங்கள். ஸ்வீட் சார்லி, வின்டர் டான் போன்ற முந்திக் காய்க்கும் ரகங்கள் இதற்குப் பொருத்தம்.
- இரவு 20க்குக் கீழே இறங்கவே இல்லை, பகல் 30ஐத் தாண்டுகிறது: எந்த உரமும் எந்த டானிக்கும் பூவைக் கொண்டு வராது. டானிக் விற்பவர் என்ன சொன்னாலும் சரி. குளிர் மாதங்கள் வரும் வரை நிழல்வலைக்கு அடியில் செடியை உயிரோடு வைத்திருப்பதுதான் வழி. கோடையில் பழம் எதிர்பார்க்காதீர்கள்.

இதற்கு நிபுணரைக் கூப்பிட வேண்டியதில்லை. ஆனால் ரகத்தை மாற்ற முடிவு செய்து ஆயிரக்கணக்கில் நாற்று வாங்கப்போகிறீர்கள் என்றால், பணம் கட்டுவதற்கு முன் உதகை அல்லது கொடைக்கானல் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் உங்கள் உயரத்தைச் சொல்லிக் கேளுங்கள். நாற்றுதான் இந்தப் பயிரில் பெரிய செலவு.

## அறிகுறி 2: பூ மலர்கிறது, நடுப்பகுதி கருத்துவிடுகிறது

இது மேலே இருப்பவர்களின் துயரம். நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை உதகை, தலைக்குந்தா, காந்தல், அவலாஞ்சி பக்கம் உறைபனி விழும் இரவுகளில் நடப்பது. இதழ் வெள்ளையாகவே இருக்கும், அதனால் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கிட்டே போய்ப் பூவின் நடுவிலுள்ள மஞ்சள் குமிழைப் பாருங்கள். கருத்திருந்தால் அந்தப் பூ பழமாகாது.

விரிந்த பூ பூஜ்யத்துக்குக் கீழே ஒரு டிகிரி போனாலே போய்விடும். இறுக மூடிய மொட்டு இன்னும் இரண்டொரு டிகிரி தாங்கும். குருத்து அதற்கும் மேலே தாங்கும். அதனால் செடியைப் பிடுங்காதீர்கள். ஒரு விவசாயி நானூறு செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். மனம் கேட்கவில்லை. எல்லாக் குருத்தும் பச்சையாக இருந்தது. கருகிய பூவைக் கிள்ளிவிட்டு விட்டிருந்தால் மூன்று, நான்கு வாரத்தில் மறுபடி பூத்திருக்கும்.

எல்லாப் பாத்தியிலும் கருகியதா, கீழ்ப்பாத்தியில் மட்டுமா?

கீழ்ப்பாத்தியில் மட்டும் என்றால், குளிர்காற்று தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிக் கீழே குளம் கட்டி நிற்கிறது. தோட்டத்தின் அடிப்பக்கம் அடர்ந்த வேலியோ சுவரோ இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் அணை. இரண்டு மூன்று இடத்தில் வேலியைத் திறந்துவிட்டால் காற்று வடிந்துவிடும். செலவு ஒரு நாள் கூலி. எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் இந்த ஒரே வேலையில் பாதிச் சேதம் நின்றது. உயரம் கூடினால் குளிர் கூடும் என்று நினைக்கிறோம், ஆனால் உறைபனி இரவில் அது தலைகீழ். மேட்டில் இருப்பவன் தப்பிப்பான், பள்ளத்தில் இருப்பவன் மாட்டிக்கொள்வான்.

எல்லாப் பாத்தியிலும் என்றால், இந்த வரிசையில் போங்கள்:

வானம் தெளிந்து, காற்று அசையாமல், மாலையிலேயே சில்லிட்டால் அன்று இரவு பனி விழும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று பகலில் பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சுங்கள். ஈர மண் வெயிலின் சூட்டைப் பிடித்து வைத்து இரவில் மெல்ல விடும்.

மாலை நான்கு மணிக்கு, வெயில் இறங்குவதற்கு முன், வைக்கோலோ காய்ந்த பெரணித் தழையோ பழைய சாக்கோ போட்டு மூடுங்கள். இருட்டிய பிறகு மூடினால் பிடித்து வைக்கச் சூடே இருக்காது. காலையில் பனி உருகியதும் எடுத்துவிடுங்கள். மூடியபடி விட்டால் சாம்பல் பூசணம் வரும்.

தெளிப்பான் இருந்தால், பாத்தி வெப்பம் 1 டிகிரிக்கு வந்ததும் போட்டு, காலையில் பனிக்கட்டி முழுவதும் உருகும் வரை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். நடு இரவில் மின்சாரம் போனால் தெளிக்காமல் விட்டதைவிட மோசமாகக் கருகும். ஜெனரேட்டர் இல்லாதவர்கள் இதைத் தொடாதீர்கள்.

கடைசியாக, தாழ்வான பிளாஸ்டிக் கூண்டு. செலவு அதிகம். ஒரு குளிர்காலம் முழுக்க வெப்பமானியைக் குறித்து, பத்து இரவுக்கு மேல் பூஜ்யத்துக்குக் கீழே போயிருந்தால் மட்டும் யோசியுங்கள்.

## அறிகுறி 3: பழம் கோணல்மாணலாக வருகிறது

பழத்தைக் கையில் எடுத்து மேலே ஒட்டியிருக்கும் விதைகளைப் பாருங்கள். வேறு எந்தக் கருவியும் வேண்டாம். ஒவ்வொரு விதையும் மகரந்தம் பெற்றால்தான் அதைச் சுற்றிய சதை பருக்கும்.

சுருங்கிய பக்கத்தில் விதை பொடியாக, பருத்த பக்கத்தில் பெரிதாக இருந்தால் தேனீ வரவில்லை. வெப்பம் 12 டிகிரிக்குக் கீழே இருந்தாலோ, நாள் முழுக்க மேகம் மூடிக் கிடந்தாலோ, தூறிக்கொண்டே இருந்தாலோ தேனீ வெளியே கிளம்பாது. மேல்மலையில் ஒரு வாரம் மேகம் கவிந்தால் மூன்று வாரம் கழித்துக் கோணல் பழம் வருவது இதனால். நாட்காட்டியைப் பின்னோக்கிப் பாருங்கள், பொருந்தும். அப்படியென்றால் எதுவும் செய்ய வேண்டாம், அடுத்த பழம் நேராக வரும். கூண்டுக்குள் வைத்திருந்தால் காலை பத்து மணிக்குப் பக்கவாட்டைத் தூக்கிவிடுங்கள். சின்னத் தோட்டம் என்றால் மென்மையான தூரிகையால் பூவைத் தடவிவிடலாம். பெரிய தோட்டத்துக்குத் தேனீப் பெட்டி வையுங்கள், பூ இருக்கும் வரை பூச்சிமருந்தைத் தவிருங்கள்.

பழம் முழுக்க வெண்கல நிறமாக, தோல் சொரசொரப்பாக இருந்தால் இலைப்பேன். ஒரு பூவை வெள்ளைத் தாளில் தட்டுங்கள், நூல் துண்டு போல ஓடும்.

வெயிலடிக்கும் மாதத்திலும், தேனீ வந்தும் கோணல் நின்றபாடில்லை என்றால் போரான் குறைவாக இருக்கலாம். இதை ஊகித்துப் போடாதீர்கள். போரான் கொஞ்சம் கூடினாலும் செடிக்கு நஞ்சு. மண்ணும் இலையும் பரிசோதனைக்குப் போகட்டும், அவர்கள் சொல்லும் அளவை மட்டும் போடுங்கள்.

## அறிகுறி 4: பழுக்க நாளாகிறது, அல்லது பழுத்தும் சுவை இல்லை

மேல் உயரத்தில் என்றால் பொறுமைதான் முதல் மருந்து. வெதுவெதுப்பான இடத்தில் பூவிலிருந்து பழத்துக்கு ஒரு மாதம் ஆகும். 7,000 அடியில் மேகமூட்ட நாட்களில் ஒன்றரை மாதம்கூட ஆகும். அந்தத் தாமதத்தில்தான் இனிப்பும் மணமும் ஏறுகின்றன. பறித்த பிறகு ஸ்ட்ராபெரி சிவக்கும், இனிக்காது. காம்புப் பக்கம் வெள்ளை இருக்கும்போதே பறிப்பவர்கள்தான் "எங்கள் மண்ணில் புளிக்கிறது" என்கிறார்கள். காம்பு வரை சிவந்த பிறகு பறித்தும் புளித்தால், பழத்தை மறைக்கும் கிழட்டு இலைகளைக் கிள்ளுங்கள். அடுத்த நடவில் மண்ணை மூடும் கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் (மல்ச்சிங் ஷீட்) போடுங்கள், மண் சூடு கொஞ்சம் ஏறும்.

கீழ் உயரத்தில் நேர்மாறு. பழம் அவசரமாகச் சிவந்து, சிறுத்து, தொட்டால் கொழகொழவென்று இருக்கும். வெயில் ஏறும் முன் பறியுங்கள், மதியத்துக்கு மட்டும் நிழல்வலை இழுங்கள், கறுப்பு ஷீட்டுக்குப் பதில் வைக்கோல் போடுங்கள். ஏப்ரல் வந்த பிறகு இதற்கு மேல் எதுவும் செய்ய முடியாது.

## அறிகுறி 5: இலை நிறம் மாறுகிறது

பழைய இலை செந்நீலமாக, குளிர்காலத்தில் மட்டும்: மண் குளிர்ந்ததால் வேர் மணிச்சத்தை இழுக்கவில்லை. பெரும்பாலும் வெயில் வந்ததும் சரியாகும். உரம் கூட்ட வேண்டாம்.

புது இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை: இரும்புச்சத்து கிடைக்கவில்லை. நீலகிரி மண்ணில் இது வந்தால் யாரோ சுண்ணாம்பை அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கீழே, காரத்தன்மை உள்ள போர்வெல் தண்ணீர் பாய்ச்சும் இடத்தில் இது சகஜம். மழைநீரைச் சேர்த்துப் பாய்ச்சிப் பாருங்கள்.

செடி மொத்தமாகக் குன்றி, வேரும் குட்டையாக: மண் 5க்குக் கீழே புளித்திருக்கலாம். டோலமைட் சுண்ணாம்பு போட வேண்டும், ஆனால் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, நடவுக்குச் சில வாரம் முன்பே.

நட்ட ஒரு வாரத்தில் இலை ஓரம் காகிதம் போலக் காய்கிறது: கீழே பாலிஹவுஸில் வளர்ந்த நாற்றை நேராக மலை வெயிலில் வைத்துவிட்டீர்கள். உயரம் ஏற ஏற வெயிலில் புற ஊதாக் கதிர் கூடும். காற்றும் உலர்த்தும். பத்து நாள் நிழல்வலைக்கு அடியில் பழக்கிவிட்டு நடுங்கள்.

## அறிகுறி 6: செடி வாடுகிறது

மதியம் வாடி மாலையில் நிமிர்ந்தால் தண்ணீர் குறைவு அல்லது காற்று. அதிகாலையிலும் வாடியே இருந்தால் ஒரு செடியைத் தோண்டி எடுங்கள். மனம் வராதுதான், ஆனால் ஒன்றைத் தியாகம் செய்யாமல் மற்றதைக் காப்பாற்ற முடியாது.

- குருத்து மண்ணுக்குள் புதைந்திருக்கிறது: நடவுத் தவறு. குருத்தின் அடி மண்மட்டத்தில் இருக்க வேண்டும். மண்ணை விலக்கிவிடுங்கள். மழையில் சரிந்த பாத்திகளில் பிறகும் இது நடக்கும்.
- இழுத்தாலே கையோடு வருகிறது, வேரே இல்லை: வேர்ப்புழு. சுற்றி அரை அடி தோண்டினால் அரைவட்டமாகச் சுருண்ட வெள்ளைப் புழு கிடைக்கும். உருளைக்கிழங்கு போட்ட நிலத்தில் ஸ்ட்ராபெரி நடுபவர்கள் இதை முதலில் பாருங்கள். மட்காத சாணியைப் போடாதீர்கள், கோடை மழைக்குப் பின் வண்டு பறக்கும் மாலைகளில் விளக்குப்பொறி வையுங்கள்.
- வேரை நீளவாக்கில் கீறினால் நடுநரம்பு சிவப்பு: குளிர்ந்த, தண்ணீர் தேங்கிய மண்ணில் வரும் வேர் நோய். மேல்மலைக் கோளாறு. வடிகால் வெட்டுங்கள், அந்த நிலத்து மண்ணும் மண்வெட்டியும் அடுத்த பாத்திக்குப் போகக் கூடாது.
- குருத்தைக் குறுக்கே வெட்டினால் செம்பழுப்புத் திட்டு: சூடும் மழையும் சேர்ந்த கீழ் உயரத்தில் வரும் ஆந்த்ராக்னோஸ் அழுகல். பெரும்பாலும் நாற்றோடு வந்தது.

கடைசி இரண்டில் எதைக் கண்டாலும் அன்றே நிபுணரிடம் போங்கள். கடையில் கிடைத்த மருந்தை ஊற்றி ஒரு வாரம் பார்க்கலாம் என்று நினைத்தால், அதற்குள் வரிசை வரிசையாகப் போய்விடும். உங்களோடு அதே நாற்றை வாங்கிய மற்றவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

## ப்ளூபெரி வைத்தவர்களுக்குத் தனியாக

இரண்டே கோளாறு. செடி வளராமல் மஞ்சளித்து நின்றால் மண்: ப்ளூபெரிக்கு 4.5 முதல் 5.5 வரை புளித்த மண் வேண்டும், ஸ்ட்ராபெரிக்குப் போட்ட டோலமைட் இதற்கு ஆகாது. நன்றாக வளர்ந்தும் பூக்கவில்லை என்றால் குளிர் போதவில்லை: வருடத்தில் 7 டிகிரிக்குக் கீழே இத்தனை மணி நேரம் என்று ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. நம் மலையில் இரவு குளிர்ந்தாலும் பகல் சூடாகிவிடுவதால் அந்தக் கணக்கு மெல்லத்தான் ஏறும். குறைந்த குளிர் போதும் என்கிற ரகம்தானா என்று வாங்கும்போதே எழுத்தில் கேளுங்கள். தவறான ரகத்தை நட்டுவிட்டால் அதைத் திருத்த வழி இல்லை.

## நிபுணரிடம் போகும்போது

உதகை, கொடைக்கானல் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையங்கள், குன்னூரில் உபாசி வேளாண் அறிவியல் மையம், அல்லது உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகம், இவற்றில் எது பக்கமோ அங்கே போங்கள். ஒரே ஒரு காய்ந்த இலையைக் கொண்டு போகாதீர்கள். முழுதும் செத்த செடி உதவாது. பாதி வாடிய செடி ஒன்று, நல்ல செடி ஒன்று, இரண்டையும் வேர் மண்ணோடு தோண்டித் தனித்தனிப் பையில் போடுங்கள். தண்ணீர் தெளிக்க வேண்டாம். பையின் மேல் தோட்டத்தின் உயரம், சரிவு எந்தத் திசை பார்க்கிறது, ரகம், நட்ட தேதி, கடைசியாகப் போட்ட உரம், மருந்து, கடந்த இரண்டு வாரத்தின் இரவு வெப்பம் எல்லாம் எழுதுங்கள். தோண்டிய அன்றே, முடிந்தால் மதியத்துக்குள் கொண்டு சேருங்கள்.